பாக்கெட் ட்ரம்பெட்: கடையில் சுருதி சேராததற்குக் காரணம்

வார இறுதிகளில் வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போய்வருவதால் பாக்கெட் ட்ரம்பெட் என்னும் சின்ன ட்ரம்பெட் தேடுவதாகவும், கடையில் ஊதிப் பார்த்தபோது கீழ்ச் சுரங்கள் சேரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பிழை உங்கள் உதட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

பாக்கெட் ட்ரம்பெட்டிலும் குழாயின் நீளம் சாதாரண பி பிளாட் ட்ரம்பெட்டைப் போலவே, ஒன்றரை மீட்டருக்குக் கிட்ட, இறுக்கிச் சுருட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கீழ்ச் சுரங்களான டி, சி ஷார்ப் இரண்டும் எந்த ட்ரம்பெட்டிலும் சுருதி சற்று ஏறித்தான் நிற்கும். பெரியதில் மூன்றாம் வால்வு ஸ்லைடை, அதாவது நீட்டிச் சுருக்கும் குழாயை, விரலால் தள்ளிச் சரிசெய்வோம். மலிவான பாக்கெட்டுகள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

அடுத்த முறை உங்கள் சொந்த மவுத்பீஸையும் போனில் ஒரு ட்யூனரையும் கொண்டுபோங்கள். நடு ஜி, மேல் சி சரியாக நின்றால், வால்வுகள் சிக்காமல் எழும்பினால் வாங்கலாம். அமெரிக்கக் கலைஞர் டான் செரி ஜாஸில் வாசித்ததும் பாக்கெட் ட்ரம்பெட்தான், விளையாட்டுச் சாமான் இல்லை. ஆனாலும் பெரியதை விற்றுவிடாதீர்கள்.

அப்புறம், சின்னது என்பதால் சத்தம் குறையாது. தொடர்மாடியில் மியூட் (சத்தத்தைக் குறைக்கும் அடைப்பு) இல்லாமல் ஊதினால் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டுவா.