குளத்து மீன், வயல் நண்டு, நத்தை: உலோகம் எங்கே தங்குகிறது? (கேள்வி பதில்)

குளம், ஆறு, வயலில் கிடைக்கும் மீன், நண்டு, நத்தை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மீனில் உலோக அளவு பார்க்கும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருவாரூரிலிருந்து: அக்கா, எங்கள் வீட்டில் சளிக்கு வயல் நண்டை இடித்துச் சாறெடுத்து ரசம் வைப்போம். நண்டில் தாமிரம் அதிகம், அது விஷம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே?

தாமிரம் அதிகம் என்பது சரி. விஷம் என்பதுதான் மிகை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க இரும்பு பார்க்கும் வேலையை நண்டு, இறால், குளத்து நத்தை ஆகியவற்றின் ரத்தத்தில் தாமிரம் பார்க்கிறது. அந்தப் புரதத்துக்கு ஹீமோசயனின் என்று பெயர். உயிர் நண்டின் காலை ஒடித்தால் கசியும் நீர், காற்றுப் பட்டதும் லேசாக நீலம் பாரிப்பது அதனால்தான். அந்தத் தாமிரம் நண்டு உயிர்வாழத் தேவையானது. மிச்சம் வந்தால் நம் ஈரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். வில்சன் நோய் (ஈரலால் தாமிரத்தை வெளியேற்ற முடியாத பரம்பரை நோய்) உள்ளவர்கள் மட்டும் நண்டையும் நத்தையையும் தவிர்க்க வேண்டும்.

என் கவலை காட்மியம் என்ற நச்சு உலோகம். மேலோட்டைப் பிரித்ததும் மஞ்சளும் பழுப்புமாகக் குழைவாக ஒன்று இருக்குமே, பலர் அதைச் சினை என்று நினைத்து விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அது நண்டின் ஈரலும் கணையமும் சேர்ந்த சுரப்பி. நண்டு தனக்கு வேண்டாத உலோகங்களை மெட்டலோதயோனீன் என்ற புரதத்தில் கட்டி அங்கேதான் ஒதுக்கி வைக்கிறது. கால் சதையில் உள்ளதைப்போலப் பல மடங்கு காட்மியம் அங்கே இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் நண்டுக்கு வைத்திருக்கும் காட்மியம் வரம்பு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். அதுகூடக் கால், கொடுக்கு போன்ற இடங்களின் வெள்ளைச் சதைக்கு மட்டும்தான். இந்த மஞ்சள் பகுதியை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை! வயலுக்குப் போடும் பாஸ்பேட் உரத்திலும் கொஞ்சம் காட்மியம் உண்டு. நம் சிறுநீரகத்துக்குள் போய்விட்டால் பத்து, இருபது வருடம் ஆனாலும் அசையாது.

முழு நண்டை அப்படியே இடித்தால் எல்லாமே சாறில் இறங்கிவிடும். ஓட்டைக் கழற்றி, மஞ்சளையும் செவுளையும் எறிந்துவிட்டு, மிச்சத்தை இடியுங்கள். ருசி குறையும்தான், மறுக்கவில்லை. எப்போதோ ஒரு தடவை சளிக்கு வைப்பதற்கு இவ்வளவு பயமும் தேவையில்லை. வாராவாரம் சாப்பிடுபவர்களுக்குத்தான் சொல்கிறேன். இன்னொன்று: குருணைப் பூச்சிமருந்து போட்ட வயலில் நண்டு பிடிக்கவே பிடிக்காதீர்கள். அது உலோகத்தைவிட அவசரமான ஆபத்து.

மதுரையிலிருந்து: அயிரையை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறோம். உலோகமும் போய்விடுமா? (ஆற்று மட்டியை நல்ல தண்ணீரில் போட்டு வைப்பது பற்றி இன்னொருவரும் கேட்டிருந்தார்.)

குடலில் இருக்கும் சேறு போகும். சேற்றோடு ஒட்டிய உலோகமும் போகும், அதனால் பழக்கம் நல்லதுதான். சதையில் சேர்ந்துவிட்டது போகாது. மட்டி வருடக்கணக்கில் தண்ணீரை வடிகட்டிச் சேர்த்து வைத்ததை இரண்டு நாளில் விட்டுவிடாது. அதனால்தான் நீரின் மாசை அளக்க விஞ்ஞானிகள் மட்டியையே பயன்படுத்துகிறார்கள்.

அயிரைக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம். சின்ன மீன், குறைந்த ஆயுள், பாதரசம் சேர நேரமே இல்லை. முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: மகள் ஐந்து மாத கர்ப்பம். உடம்புக்கு நல்லது என்று பெரிய விராலாகத் தேடி வாங்குகிறோம். சரிதானா?

பெரிய விரால் என்ற இடத்தில்தான் யோசிக்க வேண்டும். மற்ற உலோகங்கள் ஈரல், சிறுநீரகம், எலும்பு என்று ஒதுங்கும். பாதரசம் அப்படி இல்லை. காற்றில்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து குஞ்சு மீனுக்கு, அதிலிருந்து விராலுக்கு என்று ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். தங்குவதும் நாம் சாப்பிடும் சதையில்தான், புரதத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டு. தோலை உரித்தாலும் குடலை எடுத்தாலும் பயனில்லை.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் ஏறிய கடல் மீனைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு நோய் வந்தது, அதனால் மினமாட்டா என்றால் கடல் நினைவுக்கு வரும். அதே நோய் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் அகானோ ஆற்று மீனாலும் வந்தது, 1965-ல் வெளியே தெரிந்தது. ஆற்றின் மேல்பகுதியில் இருந்த அசிட்டால்டிஹைடு ஆலையின் கழிவு, கீழே ஆற்று மீனையே நம்பி வாழ்ந்த குடும்பங்களைத் தாக்கியது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைதான் இதற்கு முதலில் பாதிக்கப்படும்.

உங்கள் ஊர்க் குளம் அகானோ இல்லை, பயப்படாதீர்கள். மீனை நிறுத்தவும் வேண்டாம், குழந்தைக்கு அது தேவை. இரண்டு கிலோ விராலுக்குப் பதில் அரைக் கிலோ விரால் வாங்குங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி மாறி மாறிச் சமையுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து: தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் கலக்கும் ஏரி மீனில் குரோமியம் இருக்குமா?

இருக்கும். ஆனால் குரோமியம் பாதரசம் மாதிரி படிப்படியாக ஏறாது. செவுள், ஈரல், சிறுநீரகத்தில்தான் அதிகம், சதையில் குறைவு. அதற்காகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கழிவு வரும் வாய்க்காலில் குரோமியம் மட்டுமா வருகிறது? வேறு குளத்து மீன் கிடைக்கும்போது அந்த ஏரி மீன் வேண்டாம்.

மஞ்சள், புளி போட்டுக் கொதிக்க வைத்தால் உலோகம் போகுமா?

போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, ஒரு கரண்டிக்கு அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

மீன் தலை?

சாப்பிடலாம். செவுளைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். ஈயம் அங்கேயும் எலும்பிலும்தான் சேரும். சந்தேகமான தண்ணீர் மீன் என்றால் எலும்பை மென்று சாறு உறிஞ்ச வேண்டாம்.

மேட்டூரிலிருந்து: வீச்சு வலைக்கு வீட்டிலேயே ஈயக் குண்டு உருக்கி ஊற்றுகிறோம். அதனால் மீனில் ஈயம் ஏறுமா?

மீனை விடுங்கள். உருக்கும்போது எழும் புகையும் தூசியும் மீன் வழியாக வருவதைவிட நூறு பங்கு மோசம். சமையல் அடுப்பில் உருக்காதீர்கள், குண்டைப் பல்லால் கடித்து இறுக்காதீர்கள், அந்தக் கையோடு சோறு பிசையாதீர்கள். முடிந்தால் இரும்புக் குண்டுக்கு மாறுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமென்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு இது தோன்ற வாய்ப்பில்லை.