யூசர் இன்டர்ஃபேஸ் டிசைன்ல அடிக்கடி நடக்கிற தப்பு எது?

நிறைய பேரு கலரு, ஐகான்னு சொல்லுவாங்க, என்னைக் கேட்டா பட்டன அமுக்குனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விடுறதுதாங்க முதல் தப்பு.

நான் சேலத்துல, செவ்வாய்பேட்டை பக்கம் வெள்ளி கொலுசு கடைங்க, பட்டறைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்து பழக்கி விடுற வேலைல இருக்கேன். ஒரு கடைல வேற யாரோ செஞ்ச சாஃப்ட்வேர் ஓடிட்டு இருந்துச்சு, அதுல சேவ் அமுக்குனா ஸ்கிரீன் அப்படியே நிக்கும், சுத்துற வட்டம் கிடையாது, பட்டன் மங்குறதும் கிடையாது, எதிர்ல நாலு கஸ்டமர் நிக்கிறப்ப கல்லால இருக்கிற அக்கா என்ன பண்ணுவாங்க, இன்னொரு வாட்டி அமுக்குவாங்க, ஒரே கொலுசு ரெண்டு பில்லா ஏறிடும், ராத்திரி ஸ்டாக் பார்த்தா கிராம் கணக்கு உதைக்கும். திட்டு வாங்குனது அந்த அக்கா. அந்த சாஃப்ட்வேர் செஞ்சவங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டா "யூசருக்கு ட்ரெய்னிங் பத்தலைங்க"ன்னு பதில் வருது. எனக்கு இன்னைக்கும் அத நினைச்சா கோவம் வருது. ஒரே எடத்துல எல்லாரும் தடுக்கி விழுந்தா தரையத்தான் பார்க்கணும், விழுந்தவங்களத் திட்டி என்ன ஆகப் போகுது?

இது ஒண்ணும் புது விஷயமில்ல. சாஃப்ட்வேர எப்படி சுலபமா பழக்கலாம்னு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன், 1994ல இன்டர்ஃபேஸ் டிசைனுக்குத் தந்த 10 விதில மொதல் விதியே சிஸ்டம் இப்ப என்ன நிலைமைல இருக்குன்னு யூசருக்குத் தெரியணும்ங்கிறதுதான். 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 செகண்ட் வரைக்கும் நம்ம யோசனை அறுபடாது, 10 செகண்ட் தாண்டுனா ஆளு வேற வேலைக்குப் போயிடுவாருன்னும் சொல்லியிருக்காரு. அதனால அமுக்குன உடனே பட்டன லாக் பண்ணுங்க, "சேவ் ஆகுது"ன்னு காட்டுங்க, முடிஞ்சதும் பில் நம்பரோட சொல்லுங்க. ஸ்கிரீன்ல மட்டும் பண்ணிட்டு விட்டுடாதீங்க, நெட் விட்டு விட்டு வர்ற எடத்துல அதே பில் ரெண்டாவது தடவ வந்தா சர்வரும் அடையாளம் கண்டு தள்ளணும்.

அடுத்தது, திரும்பி வர வழி இல்லாம பண்றது. "நிச்சயமா அழிக்கணுமா?"ன்னு பெட்டி காட்டுனா போதும்னு நினைக்கிறாங்க, அந்தப் பெட்டி தெனமும் அம்பது தடவ வந்தா கை தானா 'ஆமா'வத் தட்டிடும், யாரும் படிக்க மாட்டாங்க. அழிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் அதத் திரும்பக் கொண்டு வர்ற 'அன்டூ' குடுக்கிறதுதான் நல்லது. 2018 ஜனவரி 13 அன்னைக்கு ஹவாய்ல ஏவுகணை வருதுன்னு தப்பான எச்சரிக்கை எல்லார் ஃபோனுக்கும் போச்சு, அது பொய்னு அதே வழியா மறு செய்தி போக 38 நிமிஷம் ஆச்சு. அனுப்புறதுக்கு எல்லாம் ரெடியா இருந்துச்சு, தப்புன்னு சொல்றதுக்கு ஒரு செய்தி கூட ரெடியா இல்ல. அத்தன நேரம் ஜனங்க உயிரக் கையில பிடிச்சிட்டு இருந்தாங்க.

மூணாவது தப்பு, பிரிண்ட் பட்டனுக்குப் பக்கத்துலயே டெலிட் பட்டன வைக்கிறது, அதுவும் பொடிசா. பெருசாவும் கிட்டயும் இருக்கிறதத்தான் வேகமா தொட முடியும்னு பால் ஃபிட்ஸ்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் 1954லயே காட்டிட்டாரு. தொடுற பட்டன் கொறஞ்சது ஆண்ட்ராய்டுக்கு 48 டிபி, ஐஃபோனுக்கு 44 பாயிண்ட் (ரெண்டும் ஸ்கிரீன் அளவு) இருக்கணும்னு கூகுளும் ஆப்பிளும் அளவே குடுத்திருக்காங்க, பட்டறைல அழுக்குக் கையோட டேப்ப தட்டுறவங்களுக்கு அதுவே கம்மிதான். வெள்ளைல வெளிர் சாம்பல் எழுத்தும் வேணாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதாவது கான்ட்ராஸ்ட், 4.5க்கு 1ஆவது இருக்கணும், இங்க மே மாச வெயில்ல கடை வாசல்ல நின்னு பார்த்தீங்கன்னா தெரியும்.

ஃபார்ம் விஷயத்துலதான் நம்ம ஊருக்காரங்க ரொம்ப அவஸ்தப்படுறாங்க. 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர்ல ஒண்ணு தப்பானா மொத்த ஃபார்மையும் காலி பண்ணிடுது, அடிச்சத அப்படியே வச்சிட்டு எது தப்போ அங்க மட்டும் சொல்லலாம்ல. இனிஷியல் வச்சிருக்கிறவங்ககிட்ட லாஸ்ட் நேம் கட்டாயம்னு கேட்டா புள்ளியத்தான் வச்சிட்டுப் போறாங்க, பேருக்கு ஒரே பெட்டி போதும். 1,00,000ன்னு எழுதுறவங்களுக்கு 100,000ன்னு காட்டுனா லட்சமா பத்தாயிரமான்னு ஒரு நொடி தடுமாறுவாங்க. வெள்ளி எடைக்கு மூணு தசமம் வேணும், ரெண்டோட வெட்டுனா கணக்கு நிக்காது. அப்புறம் இங்கிலீஷ வச்சு அளவெடுத்த பட்டன்ல தமிழ் போட்டா 'கி'க்கு மேல வளைவும் 'கு'க்குக் கீழ சுழியும் வெட்டுப்படுது, வரிக்கு உயரம் கூட்டிக் குடுங்க.

இதெல்லாம் உங்க சாஃப்ட்வேர்ல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி வேணாம், அஞ்சு பேர் யூஸ் பண்றதப் பக்கத்துல உட்கார்ந்து, வாயத் திறக்காம பாருங்க, முக்கியமான சிக்கல்ல பெரும்பாலும் வெளிய வந்துரும். கடைக்குப் போறதா இருந்தா சாயங்காலம் கூட்ட நேரத்துல போங்க, காலைல ஈ ஓட்டுற நேரத்துல போனா எல்லாமே நல்லா ஓடுற மாதிரிதான் தெரியும்.