கேள்வி பதில்: எந்த கேசட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர்?

கே: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை வீடியோ கேம் வாங்க நினைக்கிறேன். எந்த கேம் கருவிக்கான கேசட் நல்லது, சூப்பர் நின்டெண்டோவா, மெகா டிரைவா?

ப: முதலில் பொத்தான்களை எண்ணுங்கள். ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தில், குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. சூப்பர் நின்டெண்டோவில் கன்ட்ரோலரின் மேல் விளிம்பிலுள்ள தோள் பொத்தான்களையும் சேர்த்தால் கணக்கு சரியாக ஆறு. மெகா டிரைவின் பழைய கன்ட்ரோலரில் மூன்றுதான். குத்திலிருந்து உதைக்கு மாற ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். எதிராளி பாய்ந்து வரும்போது இது ஆகிற காரியமா? ஆறு பொத்தான் கன்ட்ரோலரும் கூடவே கிடைத்தால் மட்டும் மெகா டிரைவுக்கு வாங்குங்கள்.

நிறத்திலும் நின்டெண்டோதான் மேல். மெகா டிரைவ் ஒரே திரையில் சாதாரணமாக 64 நிறங்கள்தான் காட்டும்; குரலும் கரகரக்கும், நெருப்புப் பந்து வீசும்போது வீரர் எழுப்பும் ‘ஹடோகென்’ கூச்சல் தொண்டை கட்டியவர் கத்துவதுபோல் இருக்கும். ஆனால் 1992 நின்டெண்டோ கேசட்டில் கடைசி நான்கு வில்லன்களை நாம் எடுத்து ஆட முடியாது. 1993-இல் வந்த ‘டர்போ’ பதிப்பைத் தேடுங்கள்; அதில் அவர்களையும் எடுத்து ஆடலாம்.

கே: ஐரோப்பாவிலிருந்து வந்த 1992 கேசட்டும் கருவியும் மந்தமாக ஓடுகின்றன. டிவி கோளாறா?

ப: இல்லை. அங்கே டிவி 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஆட்டம் 60-க்காக எழுதப்பட்டது. அதனால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். கேசட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கருவியும் ஜப்பான் அல்லது அமெரிக்க வகையாக இருக்க வேண்டும்.