நேட்டாலுக்குப் போனவர்களின் இறப்புப் பதிவுகளைத் தேடுவது எப்படி? கேள்வி பதில்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். அவர்களின் இறப்புப் பதிவுகளை இணையத்தில் தேடுவது பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமி, வேலூர்ப் பக்கத்திலிருந்து நேட்டாலுக்குப் போனவர். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தேடுதளத்தில் அவர் பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. பதிவே இல்லை என்று பொருளா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் ஓர் எழுத்தர். தம் காதில் விழுந்ததை அவர் எழுதினார், அந்தக் கையெழுத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொருவர் படித்து அட்டவணையில் ஏற்றினார். ஆகவே முனுசாமி என்பவர் மூன்சாமியாகவும், முன்சாமியாகவும், மூனியசாமியாகவும் இருக்கலாம். அந்தத் தளத்தில் நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கும் பதிலாக நிற்கும். 'எம்' என்ற எழுத்தையடுத்து ஒரு நட்சத்திரம், பிறகு 'என்', மறுபடியும் ஒரு நட்சத்திரம், இறுதியில் 'எம்', 'ஒய்' என்று கொடுத்துப் பாருங்கள். மேற்சொன்ன எல்லா வடிவங்களும் வலையில் விழும். இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால், அங்கே சிலருக்குத் தந்தை பெயரும், சிலருக்குச் சாதிப் பெயரும், சிலருக்குத் தம் சொந்தப் பெயருமே குடும்பப் பெயராகப் பதிவாயின. எனவே முதற்பெயர்க் கட்டத்தில் ஒரு முறையும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு முறையும் தேடுங்கள்.

தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளத்தில் என் பாட்டனார் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு கோப்பு எண்ணும் 1931 என்ற ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. அதையே இறந்த ஆண்டாகக் குறித்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. அது இறந்தவரின் சொத்துக் கோப்புக்குரிய (அவர் விட்டுச்சென்ற சொத்தைத் தீர்வு செய்யத் திறக்கப்பட்ட கோப்பு) ஆண்டு; இறப்பு அதே ஆண்டிலும் நிகழ்ந்திருக்கலாம், அதற்கு முன்பும் நிகழ்ந்திருக்கலாம். நீங்கள் பார்த்தது கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்புதான். தேட வேண்டியது கோப்பினுள் இருக்கும் இறப்பு அறிவிப்புப் படிவத்தை. இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர்கள், வயது, மனைவி அல்லது கணவர், இறந்த நாள், இடம், பிள்ளைகளின் பெயர்கள், விட்டுச்சென்ற சொத்து ஆகியவை வரிசையாக அதில் கேட்கப்பட்டிருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறைகள் கிடைப்பதால், குடும்ப வரலாறு தேடுவோருக்கு இறப்புச் சான்றிதழைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் படிவத்தை நிரப்பியவர் நேட்டாலிலேயே பிறந்த மகனாக இருந்தால், தாத்தா, பாட்டியின் பெயர்களை அவர் செவிவழியாகவே அறிந்திருப்பார். 'பிறந்த ஊர்' என்ற இடத்தில் 'இந்தியா' என்றோ 'மதராஸ்' என்றோ எழுதி நிறுத்தியிருப்பார். இறந்த நாளை நம்பும் அளவுக்கு வயதையும் பெற்றோர் பெயரையும் நம்பாதீர்கள்.

நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் சொத்துக் கோப்புகளில் 1846 முதல் 1950 வரையானவை ஃபேமிலிசர்ச்சிலும் ஒரு தொகுப்பாக உள்ளன. காப்பகத்துக்கு எழுதிப் பணம் கட்டும் முன் அங்கே பார்த்துவிடுவது நல்லது.

ஒரே பெயரில் இருவர், ஏறத்தாழ ஒரே வயது. எங்களவர் யார் என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண் ஒன்று தரப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவையும் உண்டு. பிற்காலப் பதிவுகளில் அந்த எண் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் எண் திரிவதில்லை.

சொத்தே இல்லாமல் இறந்த கூலிக்கும் கோப்பு இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. அரசின் பொது இறப்புப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் 1920களில் இறந்தார். தமிழ்நாட்டு அரசின் தளத்தில் அவருடைய பதிவு கிடைக்குமா?

அவ்வளவு பழைய கிராமப் பதிவை அங்கே எதிர்பார்க்காதீர்கள். நாடு முழுவதற்குமான கட்டாயப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதற்கு முந்தையவை கையெழுத்துப் பதிவேடுகள். ஊர் பெயர், அக்காலத்துத் தாலுகா, உத்தேச ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு, பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று விசாரித்து அங்கே விண்ணப்பியுங்கள். கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடச் சொல்லவும், நகல் பெறவும் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு யாருக்கும் இடமளிக்கிறது. ஆனால் இறப்புக்கான காரணத்தை நகலில் வெளியிடக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பதிவேடு இல்லை என்று சொன்னால், அதை எழுத்துமூலமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் உங்கள் குடும்பத்தில் அடுத்துத் தேடுபவரும் அதே அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.