கரண்ட் இல்லாமலே உலை குளிருமாம், நம்பலாமா?

கேள்வி: கூடங்குளம் அணு உலையில் மின்சாரம் போனாலும் தானாகச் சூடு தணியும் ஏற்பாடு இருக்கிறதாம். பம்பும் இல்லை, ஆளும் தேவையில்லை, அதனால் பிழைக்கவே பிழைக்காது என்று என் பெறாமகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? தேவையே வராத ஒன்றை எப்படிச் சோதிப்பார்கள்?
(ஒரு வாசகர், மாங்குளம்)

பதில்: ஏற்பாடு இருப்பது உண்மை. 'பிழைக்கவே பிழைக்காது' என்பதுதான் இடிக்கிறது.

உங்கள் பக்கத்துச் சின்னக் குளம் ஒன்றின் வானை நினைத்துப் பாருங்கள். கதவு கிடையாது, மட்டம் ஏறினால் தண்ணீர் தானாக வான் பாயும். ஆனால் இன்னும் ஒரு சாண் தண்ணீர் நின்றால் சிறுபோகத்துக்கு ஆகும் என்று யாரோ நாலு மண்மூடையை அடுக்கிவிட்டுப் போனால்? வானில் ஒரு கல்லும் பெயர்ந்திருக்காது, உடைப்பெடுப்பது குளக்கட்டு.

கூடங்குளத்தில் நீராவி மேலேறி, வெளிக்காற்றுப் படும் குழாய்களில் ஒடுங்கி, தண்ணீராகித் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். பம்பின் தள்ளலோடு பார்த்தால் இந்த விசை சொற்பம். வீட்டுத் தண்ணீர்த்தாங்கி நிரம்பியிருக்கும், குழாயில் காற்று அடைத்தால் பைப்பில் சொட்டும் வராதே, அந்த மாதிரி இங்கேயும் ஒடுங்காத வாயு கொஞ்சம் சேர்ந்தாலே வேலை மந்தமாகிவிடும்.

பம்ப் என்றால் எத்தனை தடவை போட்டோம், எத்தனை தடவை கிளம்பவில்லை என்று கணக்கு இருக்கும். இதற்கு அது போதிய அளவு இல்லை. அதனால் சோதனைக்கூடத்தில் மாதிரி அமைத்து ஓட்டிப் பார்த்து, அப்புறம் வெளிக்காற்றின் சூடு, வாயுவின் அளவு, குழாயின் உராய்வு என்று ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துக் கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டி, எத்தனை தடவை சூடு எல்லை தாண்டுகிறது என்று எண்ணுவார்கள். இப்படித் தானாக ஓடும் ஏற்பாடுகளை எவ்வளவு நம்பலாம் என்று கணிக்கும் ஐரோப்பியரின் ஆர்.எம்.பி.எஸ். (RMPS) முறை இப்படித்தான். இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அதோடு நிற்காமல், அந்த அளவு ஏன் மாறியது, எந்த வால்வு சிக்கியது என்று வேரைத் தேடுவார்கள்; எனக்குப் பிடித்தது அதுதான்.

ஏனென்றால் 2011 மார்ச் 11 அன்று புகுஷிமா 1ஆம் உலையிலும் பம்ப் வேண்டாத குளிர்விப்பு இருந்தது. சுனாமியில் பற்றரி மின்சாரமும் போய், வால்வுகள் அநேகமாக மூடியே கிடந்தன, அது ஓடுகிறது என்றே அவசரநிலை மையத்தில் பல மணி நேரம் நினைத்திருந்தார்கள்.

கூடங்குளத்தில் அந்தக் குழாய்களுக்கு வெளிக்காற்றை விடும் கதவுகள் மின்சாரம் போனால் தாமாகத் திறக்கும்படி செய்திருக்கிறார்கள், நாலு தனித்தனித் தொகுதிகளாக. பெறாமகனிடம் அந்தக் கதவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.