நேரே பார்த்தால் ஒரே சுவர், பக்கவாட்டில் பார்த்தால் திட்டுத்திட்டாக: ஏன்?

கேள்வி: மேட் எமல்ஷன் (பளபளக்காத சுவர் பெயின்ட்) அடித்த சுவரில் ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன். மீதமிருந்த அதே டப்பா பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அந்த இடங்களில் தொட்டுவிட்டேன். நேரே நின்று பார்த்தால் சரியாக இருக்கிறது. ஜன்னலை நோக்கிச் சாய்வாகப் பார்த்தால் சில இடம் மினுங்குகிறது, சில இடம் மங்கிக் கிடக்கிறது. வேறு நிறம் கலந்து சரிசெய்யலாமா?

பதில்: நிறத்தில் கை வைக்காதீர்கள். நேரே பார்க்கும்போது ஒத்துப்போகிறது என்றால் நிறம் சரி. மாறியிருப்பது பரப்பு.

சுவரில் படும் ஒளிக்கு இரண்டு வழி. ஒரு பங்கு பெயின்ட் படலத்துக்குள் புகுந்து, நிறமித் துகள்களில் மோதி எல்லாத் திசையிலும் சிதறி வெளியே வருகிறது. நாம் நிறம் என்று பார்ப்பது இதைத்தான். இன்னொரு பங்கு உள்ளே போகாமல் மேல்தோலிலேயே திரும்பிவிடுகிறது. மேல்தோல் வழவழப்பாக இருந்தால் அது ஒரே திசையில் திரும்பும், அதுதான் பளபளப்பு. மேடுபள்ளம் இருந்தால் கலைந்துபோகும்; மங்கலாகத் தெரியும். இந்த மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமே சுமார் 400 முதல் 700 நானோமீட்டர்தான். மைக்ரான் (1,000 நானோமீட்டர்) அளவு சொரசொரப்பே பளபளப்பைக் கெடுக்கப் போதும். மேட் பெயின்ட்டில் நுண்ணிய சிலிக்கா போன்ற துகள்களைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

இனி, சாய்வாகப் பார்த்தால் மட்டும் ஏன் தெரிகிறது? வழவழப்பான பெயின்ட் படலம் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத்தான் மேல்தோலில் திருப்புகிறது. செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் 9 சதவீதம். 85 டிகிரியில் 60 சதவீதத்தையும் தாண்டிவிடும். அதோடு, சாய்வு கூடக் கூட அதே சொரசொரப்பு ஒளிக்கு வழவழப்புப் போலவே ஆகிவிடுகிறது. அதனால் நேரே மறைந்திருந்த சிறு வேறுபாடும் ஜன்னலோரம் பளிச்சென்று தெரிகிறது. பளபளப்பை அளக்கும் கருவியிலும் வழக்கமான கோணம் 60 டிகிரி. மிக மங்கலான பரப்பென்றால் 85 டிகிரிக்குப் போய்விடுவார்கள்.

உங்கள் சுவரில் என்ன நடந்திருக்கும்? மங்கிய இடங்களில், பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காத பட்டி, பெயின்ட்டின் பைண்டரை உறிஞ்சியிருக்க வேண்டும். துகள்களைப் பிடித்து நிறுத்திப் படலத்தை மூடுவது பைண்டர்தான். அது குறைந்தால் துகள்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மினுங்கும் இடங்களுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டப்பாவை. நாள்பட நின்ற பெயின்ட்டில் மங்கல் தரும் துகள்கள் அடியில் தங்கிவிடும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் மினுங்கத்தான் செய்யும். சுவரின் மற்ற பகுதியை ரோலரால் அடித்திருந்தால் பிரஷ் விட்ட தடமும் தனித்துத் தெரியும். மினுங்கும் இடத்தைத் துணியால் தேய்த்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். மேட் பரப்பைத் தேய்த்தால் மேடுகள் மழுங்கி இன்னும் மினுங்கும்.

சரிசெய்ய: திட்டுகளை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். டப்பாவின் அடிவரை கோலை விட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகு ரோலரால் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை ஒரே மூச்சில் அடியுங்கள். முந்தைய ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் ஏற வேண்டும். திட்டுகளை மட்டும் மறுபடி தொட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. வெளிச்சம் குறைந்த சுவரென்றால் முயன்று பார்க்கலாம்.

ஈரமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரப் படலம் எல்லாமே மினுங்கும். நீர் ஆவியாகிப் படலம் சுருங்கிய பிறகுதான் துகள்கள் மேலே தலைகாட்டும். முழுதாகக் காய்ந்தபின் இருட்டில் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள்.