சிகாகோவில் பார்க்கிங் டிக்கெட் விழுந்தால்: கேள்வி பதில்

சிகாகோ நகரத்தின் பார்க்கிங் அபராதம், சக்கரப் பூட்டு, ஹியரிங் (டிக்கெட் விசாரணை), இதற்கெல்லாம் பின்னால் இருக்கிற நகர மன்றச் சட்டங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. டிக்கெட் வழக்குகள் எடுக்கிற ஓர் அலுவலகத்தில் பல வருடம் ஃபைல் தயாரித்தவள், அவ்வளவுதான். பெரிய தொகை மாட்டியிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, டெவான் அவென்யூவில் மளிகை வாங்கிவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடியில் டிக்கெட். மீட்டர் முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். 50 டாலர். கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

100 ஆகும். அப்புறம் 122 ஆகும்.

டிக்கெட் விழுந்த நாளிலிருந்து 7 நாள் இருக்கிறது, அதற்குள் கட்டலாம் அல்லது எதிர்த்துக் கேட்கலாம். இரண்டும் செய்யாவிட்டால் வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர் முகவரிக்கு நோட்டீஸ் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் தரப்பைக் கேட்காமலே, பொறுப்பு உங்களுடையதுதான் என்று தீர்மானித்துவிடுவார்கள். அதில் குறித்திருக்கிற கெடு தாண்டினால் அபராதம் இரட்டிப்பு, வசூலுக்கு என்று தள்ளிவிட்டால் அதன் தலையில் இன்னொரு 22 சதவீதம்.

இதில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது முகவரி விஷயத்தில். வருடத்துக்கு ஒரு அபார்ட்மென்ட் மாறுவோம், வங்கியில் மாற்றுவோம், அமேசானில் மாற்றுவோம், வண்டிப் பதிவில் மட்டும் பழைய முகவரியே கிடக்கும். நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போகும், பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பிவிட்டால் தன் கடமை முடிந்தது என்பதுதான் நகரத்தின் கணக்கு. 'எனக்கு வரவே இல்லை' என்று பிறகு சொல்லிப் பெரிய பலன் கிடையாது.

கேள்வி: டிக்கெட் எழுதினவர் ஹியரிங்குக்கு வராவிட்டால் தானாகவே தள்ளுபடி என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

இல்லை. சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் போலீஸ் பிடிப்பது வேறு, அது நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே அதிகாரி வராவிட்டால் வழக்கு விழுவது உண்டு. பார்க்கிங் டிக்கெட் 1990-லிருந்தே நீதிமன்றத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. இப்போது அதைப் பார்ப்பது நகரத்தின் சொந்த நிர்வாக விசாரணைத் துறை, 1997-ல் உருவானது. அங்கே டிக்கெட் காகிதமே சாட்சி. எழுதியவர் வர வேண்டிய அவசியமே இல்லை, பெரும்பாலும் வரவும் மாட்டார்.

தீர்ப்புச் சொல்பவர் நகரத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிற ஒரு வக்கீல். எந்தக் காரணங்களை ஏற்கலாம் என்று நகரச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. டிக்கெட்டில் எழுதியிருப்பது உண்மைக்கு மாறானது, வண்டியோ நம்பர் பிளேட்டோ திருடு போயிருந்தது, தடைப் பலகை இல்லை அல்லது மரக்கிளை மறைத்திருந்தது, மீட்டர் வேலை செய்யவில்லை, அந்தத் தேதியில் வண்டி உங்களுடையதே இல்லை, இந்த மாதிரி. குழந்தைக்குக் காய்ச்சல், கடையில் வரிசை, மீட்டிங் இழுத்துவிட்டது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது. அதைச் சொல்லி அழுதால் அந்த வக்கீல் பரிதாபப்படுவார், ஆனால் தீர்ப்பு மாறாது.

அதனால் டிக்கெட்டைப் பார்த்ததுமே போனை எடுத்துப் படம் பிடியுங்கள். பலகை தெரிகிற மாதிரி, பலகைக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி, முடிந்தால் தெருவின் இரண்டு முனையிலிருந்தும். தபாலிலோ இணையத்திலோ எதிர்க்கலாம், நேரிலும் போகலாம். படமே எல்லாம் சொல்லிவிடும் என்றால் இணையம் போதும். விளக்கிச் சொல்ல வேண்டிய கதை என்றால் நேரில் போங்கள். தோற்றால் 35 நாளுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்கு, அதாவது வழக்கமான நீதிமன்றத்துக்கு, போகலாம், ஆனால் அங்கே கட்ட வேண்டிய மனுக் கட்டணமே அபராதத்தைத் தாண்டிவிடும். கொள்கைக்காகப் போராடுபவர்களுக்கு மட்டும் அந்த வழி.

கேள்வி: மீட்டர்களைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள் என்கிறார்களே, அப்படியானால் நான் கட்டுகிற அபராதம் அந்தக் கம்பெனிக்கா போகிறது?

இல்லை. மீட்டரில் போடுகிற காசு கம்பெனிக்கு, டிக்கெட் காசு நகரத்துக்கு. விற்கவும் இல்லை, 75 வருடக் குத்தகை. 2008 டிசம்பரில் மேயர் ரிச்சர்ட் டேலி கொண்டுவந்த ஒப்பந்தம், சுமார் 115 கோடி டாலர். அறிவித்த இரண்டாம் நாளே நகர மன்றத்தில் வாக்கெடுப்பு, 40-க்கு 5 என்று நிறைவேறிவிட்டது. எழுபத்தைந்து வருடத்துக்கான ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க இரண்டு நாள்! அடுத்த வருடமே நகர நிர்வாகத்தைத் தணிக்கை செய்கிற இன்ஸ்பெக்டர் ஜெனரல் கணக்குப் போட்டு, கிட்டத்தட்ட 97 கோடி டாலர் குறைவாக வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார்.

அதற்குள் அக்கம்பக்கத் தெருக்களில் மணிக்கு 25 சென்ட்டாக இருந்தது ஒரு டாலர் ஆகி, பிறகு இரண்டு டாலர் ஆனது. இன்னொரு வினோதம்: திருவிழாவுக்கோ சாலை வேலைக்கோ நகரம் தன் சொந்தத் தெருவில் மீட்டர் இடத்தை மூடினால், ஒப்பந்தப்படி கம்பெனிக்கு ஈடு கட்ட வேண்டும். மன்றத்தில் அவசரமாகக் கை தூக்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: நான் சிகாகோவுக்கு வெளியே நேப்பர்வில்லில் இருக்கிறேன். சிகாகோ வந்தபோது சிட்டி ஸ்டிக்கர் இல்லை என்று 200 டாலர் டிக்கெட். எனக்கும் ஸ்டிக்கர் வேண்டுமா?

வேண்டாம். அது சிகாகோவில் குடியிருப்பவர்களுக்கான வண்டி வரி. பதிவு, இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம், எதில் நேப்பர்வில் முகவரி இருக்கிறதோ அதை இணைத்து உடனே எதிர்த்துவிடுங்கள். புதிதாகச் சிகாகோவுக்குள் குடி வந்தவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வாங்கிவிட வேண்டும்.

இந்த 200 டாலருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு 120-ஆக இருந்தது. வருமானம் கூடும் என்று சொல்லி 2012-ல் 200 ஆக்கினார்கள். தாமதமானால் 400, வசூல் கட்டணமும் சேர்ந்தால் 488. ஸ்டிக்கரே நூறு டாலர் அளவில்தான், அதை வாங்கக் கையில் காசில்லாதவன் 488-ஐ எங்கிருந்து கட்டுவான்? எதிர்பார்த்த வருமானமும் வரவில்லை, பாக்கிதான் குவிந்தது, அதுவும் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கறுப்பின மக்களின் பகுதிகளில். 2018-ல் புரோபப்ளிகா இல்லினாய்ஸ் என்கிற செய்தி நிறுவனமும் டபிள்யூபிஇஇசட் வானொலியும் இதைத் தோண்டி எடுத்து வெளியிட்ட பிறகுதான் மன்றம் திரும்பிப் பார்த்தது. 2019-ல் மேயர் லோரி லைட்ஃபுட் காலத்தில் திருத்தம் வந்தது: ஸ்டிக்கர் அபராதத்தின் தாமதக் கட்டணம் 50 டாலருக்கு மேல் போகக் கூடாது, ஒரே வண்டிக்கு அடுத்தடுத்த நாள்களில் ஸ்டிக்கர் டிக்கெட் எழுதக் கூடாது. 200 மட்டும் அப்படியே இருந்துவிட்டது. என்னைக் கேட்டால் பாதித் திருத்தம்.

கேள்வி: மூன்று பழைய டிக்கெட் பாக்கி. காலையில் பார்த்தால் சக்கரத்தில் பூட்டு. என்ன செய்வது?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பூட்டுப் போட்டு 24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இறுதித் தீர்மானம் ஆன டிக்கெட் மூன்று இருந்தால் பூட்டலாம், ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் இரண்டே போதும். பூட்டுக்கு 100 டாலர், இழுத்துப் போனால் 150, அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம், எல்லாம் டிக்கெட் பாக்கிக்கு மேல். மொத்தமாகக் கட்ட முடியாதென்றால் தவணைத் திட்டம் கேளுங்கள், வருமானம் குறைவு என்று காட்ட முடிந்தால் முன்பணம் குறையும். 2022-ல் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று தனி நிவாரணத் திட்டமும் கொண்டுவந்தார்கள், இப்போது அதன் விதிகள் என்ன என்று நகரத்தின் நிதித் துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டை நீங்களே உடைக்க முயலாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: சார்/மேடம், டிக்கெட் கட்டாததால் அரெஸ்ட் ஆகுமா? லைசென்ஸ் போகுமா? நான் ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறேன், பயமாக இருக்கிறது.

மேடம்தான், பயப்படாதீர்கள். பார்க்கிங் டிக்கெட் சிவில் கடன், குற்ற வழக்கு இல்லை, அதற்காக யாரும் கைவிலங்கோடு வர மாட்டார்கள். முன்பு பத்து பார்க்கிங் டிக்கெட் பாக்கி இருந்தால் ஓட்டுநர் உரிமத்தை முடக்குவார்கள். வேலைக்கு ஓட்டிப் போனால்தான் கடனைக் கட்ட முடியும், ஓட்டக் கூடாது என்றால் எப்படிக் கட்டுவது? 2020 ஜூலையில் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டம் அதை நிறுத்திவிட்டது.

ஆனால் கடன் தானாக மறையாது. மாநில வருமான வரியில் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். நகர நிர்வாகத்தில் வேலை கிடைப்பதும் சிரமம்.

கேள்வி: திவால் மனு போட்டால் டிக்கெட் கடன் போய்விடும் என்று விளம்பரம் பார்த்தேன்.

பலர் அப்படித்தான் போனார்கள். சிகாகோ நகரத்துக்கான பாக்கியும் சேர்ந்த சாப்டர் 13 மனுக்கள் (கடனைத் தவணையில் கட்டுகிற வகைத் திவால் மனு) 2007-ல் சுமார் ஆயிரம், 2017-ல் பத்தாயிரத்துக்கு மேல். மனு போட்டதும் பிடித்த வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பெரிய கவர்ச்சி. நகரம் தர மாட்டேன் என்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஜனவரியில், மனுவுக்கு முன்பே பிடித்த வண்டியைச் சும்மா கையில் வைத்திருப்பது மட்டுமே, மனு போட்டவர் சொத்தில் கைவைக்கக் கூடாது என்கிற திவால் சட்டப்பிரிவை மீறுவதாகாது என்று 8-0 என நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதனால் 'நாளைக்கே வண்டி வீட்டில்' என்கிற விளம்பரத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். திவால் மனு உங்கள் கிரெடிட்டில் வருடக்கணக்கில் நிற்கும், சில நூறு டாலருக்கு அது தகாது.

கேள்வி: இந்தச் சட்டங்களை யார்தான் போடுகிறார்கள்? எங்கள் தெருவில் வெளியாட்கள் நிறுத்திவிட்டுப் போகிறார்கள், எங்களுக்கு இடமே இல்லை. யாரிடம் போவது?

உங்கள் ஆல்டர்மேனிடம். நம்ம ஊர் வார்டு கவுன்சிலர் மாதிரிதான், ஆனால் அதிகாரம் அதிகம். 27 லட்சம் பேர் உள்ள ஊருக்கு 50 வார்டு, 50 ஆல்டர்மேன். எண்பது லட்சத்தைத் தாண்டிய நியூயார்க்குக்கே 51 பேர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவுக்குக் குடியிருப்போர் பெர்மிட் வேண்டுமென்றால் அந்த பிளாக்கில் இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆல்டர்மேன் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர் மன்றத்தில் சட்ட முன்வடிவாக வைப்பார். ஆமாம், ஒரு தெருவின் பெர்மிட்டுக்கும், ஒரு வீட்டு வாசலில் மாற்றுத்திறனாளிக்கான பலகைக்கும்கூட நகரச் சட்டம் வேண்டும். தன் வார்டு விஷயத்தில் அவர் சொல்வதை மற்ற 49 பேரும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அது எழுதாத மரபு. அதனால் ஆல்டர்மேன் சம்மதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, சம்மதிக்காவிட்டால் முழு வேலையும் முடிந்தது.

ஊர் முழுவதற்குமான சட்டம் அவ்வளவு சுலபமில்லை. முன்வடிவு கமிட்டிக்குப் போகும். இரண்டு கமிட்டிக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் விதிகள் கமிட்டிக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே போனது பெரும்பாலும் திரும்பி வராது. முழு மன்றத்துக்கு வந்தாலும் இரண்டே இரண்டு ஆல்டர்மேன்கள் சேர்ந்து அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடலாம். அதையும் தாண்டி 26 வாக்கு, மேயர் வீட்டோ போட்டால் 34.

உதாரணம் வேண்டுமா? வேகக் கேமரா. 2021 மார்ச்சிலிருந்து வரம்பைவிட 6 மைல் கூடினாலே 35 டாலர் டிக்கெட். இதைப் பழையபடி 10 மைலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஓர் ஆல்டர்மேன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருவழியாக 2022 ஜூலையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 18, எதிர்ப்பு 26. தோற்றுவிட்டது.

கேள்வி: பனிக்காலத்தில் தெருவில் நாற்காலி போட்டு இடம் பிடிக்கிறார்களே, அது சட்டமா?

இல்லை. 'டிப்ஸ்' (dibs, 'இது என் இடம்' என்று சொல்லிவைப்பது) என்பார்கள், வெறும் வழக்கம். மணிக்கணக்கில் பனி வாரியவனுடைய இடம் என்று ஊரே ஏற்றுக்கொண்டிருக்கிறது, நகரம் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போகும். நாற்காலியை நகர்த்திவிட்டு நிறுத்தினால் டிக்கெட் விழாது, ஆனால் திரும்பி வரும்போது கண்ணாடி எப்படி இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். இந்த ஊரில் பனி சாதாரண விஷயம் இல்லை, 1979-ல் பனியைச் சரியாக அள்ளாததால் மேயர் பிலாண்டிக் தேர்தலிலேயே தோற்றார்.

உண்மையான சட்டம் வேறு: டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை சுமார் 107 மைல் முக்கியச் சாலைகளில் அதிகாலை 3 முதல் 7 வரை நிறுத்தக் கூடாது. பனி பெய்திருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, வானம் பளிச்சென்று இருந்தாலும் இழுத்துப் போவார்கள். முதல் வருடம் வருபவர்கள் எல்லாரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். பலகையைப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, ஊருக்குத் திரும்பும்போது காரை நண்பனுக்கு விற்றுவிட்டேன். ஆறு மாதம் கழித்து என் பேரில் ஐந்து டிக்கெட்!

அவன் பதிவை மாற்றவில்லை, நீங்கள் பிளேட்டைக் கழற்றவில்லை, சரிதானே? இல்லினாய்ஸில் பிளேட் வண்டியோடு போகாது, உங்களுடையது. விற்றதற்கான ரசீது, தேதி, வாங்கியவர் கையெழுத்து, டைட்டிலின் (வண்டியின் உரிமைப் பத்திரம்) நகல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'அந்தத் தேதியில் வண்டி என்னுடையதில்லை' என்பது பட்டியலில் உள்ள காரணம்தான், சென்னையிலிருந்தே இணையத்தில் எதிர்க்கலாம், இறுதித் தீர்மானம் ஆகாத டிக்கெட்டுகளை முதலில் எடுங்கள். விற்ற விஷயத்தை, வண்டிப் பதிவைப் பார்க்கிற மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு இன்றைக்கே தெரிவித்துவிடுங்கள், ஆறாவது வராமல் இருக்க. ரசீதே இல்லையென்றால் நண்பனிடம்தான் பேச வேண்டும்.